வராத நாளே இல்லாத பதிவேடு

வாடிப்பட்டி
12.8.2024

தங்கச்சி ராக்கம்மாளுக்கு,

மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்த வருஷத்தை முதலில் நினைவுக்குக் கொண்டு வா. மார்கழி மாதம் ஊர் ஊராக லாரி பிடித்துச் சனம் போனது. நீயும் நானும் உன் அண்ணி சோலையும் தமுக்கம் மைதானத்துப் பக்கம் கூட்டத்தில் சிக்கிக்கொண்டோம். உன் ஒற்றைச் செருப்பு போன இடம் தெரியவில்லை. மிஞ்சின ஒற்றையைக் கையில் பிடித்துக்கொண்டு வாடிப்பட்டி வரைக்கும் வந்தாய். அதே வருஷம்தான் நம் தெருவுக்குக் கரண்டு வந்தது. முதல் பல்பு எரிந்ததைப் பார்த்துவிட்டு, "இத அமத்த எங்கிட்டு ஊதணும்?" என்று கேட்டான் கருத்தக்கண்ணன். அந்த வருஷம் புரட்டாசியில் நீ பஞ்சுப் பட்டறைக்கு வந்தாய்.

இதைச் சொல்லிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன். நீயும் மருமகள் பவதாரிணியும் திருப்பூரில் எப்படி இருக்கிறீர்கள்? ஈரக் காற்றுக்கு உன் வலது கை குடைகிறதா? என் உடம்புக்குக் குறை இல்லை. காதுக்குள் மட்டும் பஞ்சு அடிக்கிற மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் யார் பேசினாலும் அந்த இரைச்சல்தான் பேசுகிறது. தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற இம்மானுவேல் தம்பிதான் எனக்குக் கண்ணும் காதும். வலது காதோரம் வாயை வைத்துக் கத்துவார், நான் சொல்வதை எழுதுவார்.

நேற்று பேப்பரில் ஒரு சேதி வாசித்தார். பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கிற பட்டறைகளிலும், நோயில் படுத்தவனுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கச் சட்டம் போடலாமா என்று அரசாங்கம் ஒரு குழு அமைத்திருக்கிறதாம். ஊர் ஊராக வந்து கேட்கப்போகிறார்கள். அந்தச் சட்டமே வேண்டாம் என்று சிறு பட்டறை முதலாளிகள் சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது யார் தெரியுமா? நம் பழைய முதலாளியின் பேரன் ராம்கி. "எங்க பட்டறைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்க. நாப்பது வருசத்துல நோய்னு ஒருத்தர் ஒரு நாள் வராம நின்னதில்ல. இல்லாத வியாதிக்கு எதுக்கு மருந்து?" என்று பேசியிருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. அந்தப் பதிவேட்டுக்கு ஆஜர் சொன்னவன் நான்தானே. எழுதத் தெரியாத மேஸ்திரி. வாரம் முழுக்க யார் வந்தார்கள் என்று மனசில் வைத்திருந்து, சனிக்கிழமை கணக்குப்பிள்ளை முன்னால் நின்று ஒப்பிப்பேன். பதிவேட்டில் ஒன்பது பேர், பத்தானால் சட்டம் வந்துவிடும் என்று அதற்கு மேல் ஏறக்கூடாது. ஒருத்தர் படுத்துவிட்டால் வீட்டிலிருந்து ஒரு மாத்தாளை அனுப்ப வேண்டும், இல்லை என்றால் இடம் போய்விடும். உழைத்தது மாத்தாள், ஆஜர் ஆனது படுத்திருந்தவர். நோய் எப்படிப் பதிவேட்டில் ஏறும்?

குழு மதுரைக்கு வரும்போது நான் போய்ப் பேசலாம் என்றிருக்கிறேன். நீயும் வருவாயா?

மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
சின்னான்

•

திருப்பூர்
30.8.2024

அண்ணனுக்கு ராக்கம்மாள் வணக்கம் சொல்லி எழுதச் சொன்னது.

உங்கள் காது எப்படியோ, வாய் நல்ல சுகத்தோடு இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம்.

மாநாட்டு வருஷம் எனக்கும் மறக்கவில்லை. தொலைந்தது செருப்பு மட்டும் இல்லை. அதை எழுதி ஆகப்போவது ஒன்றும் இல்லை. விசாரணைக்கு நான் வரவில்லை. என் பேர் ரேசன் கார்டில் இருக்கிறது, அது போதும். நீங்களும் வயசான காலத்தில் பெரிய இடத்தோடு வம்பு வளர்க்காமல் வேளைக்குக் கஞ்சி குடித்துவிட்டுப் படுங்கள்.

ராக்கம்மாள்

மாமா, எழுதியது பவதாரிணி. அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நடுவில் ஒரு தடவை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் "முடிச்சுரு" என்று சொல்லிவிட்டது. அம்மாவின் இரண்டு விரல் போனதும் அந்த வருஷம்தானே? மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கும்போது வெட்டுப்பட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கும் பட்டறைக்கும் என்ன சம்பந்தம்? நான் வேலை பார்க்கிற பனியன் கம்பெனியில் நாங்கள் எட்டே பேர். அந்தச் சட்டம் வந்தால் எங்களுக்கும் உண்டா? அதையும் எழுதுங்கள்.

•

வாடிப்பட்டி
15.9.2024

தங்கச்சிக்கும் மருமகளுக்கும்,

கடிதம் வந்த அன்றைக்கு இங்கே நல்ல மழை. இம்மானுவேல் தம்பி குடையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசித்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், புது மழைக்குக் காய்ச்சல் அலைகிறது.

மருமகளே, எட்டுப் பேருக்கும் உண்டு. எட்டுப் பேருக்காகத்தான் அந்தச் சட்டமே. நீ கேட்ட இன்னொரு கேள்வி பெரிய கேள்வி. இந்தக் காகிதத்தில் இடம் போதாது.

போன வாரம் இம்மானுவேல் தம்பியோடு பட்டறைக்கே போய் ராம்கியைப் பார்த்தேன். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தான். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

"என்ன தாத்தா, பழைய ஆளுக வந்தாலே பட்டறைக்கு ஒரு களை," என்றான்.

"களையெல்லாம் இருக்கட்டும். நோயே இல்லாத பட்டறைன்னு பேப்பர்ல சொன்னீயாமே. கருத்தக்கண்ணன் பொன்னுக்கு வீங்கி வந்து பதினோரு நாள் படுத்திருந்தான். அவன் மச்சினன்தான் வந்து நின்னான். இவன் மழிச்ச மூஞ்சி, அவனுக்குக் கொடுவாள் மீசை. உங்க தாத்தா வந்து பாத்துட்டு, 'ஏண்டா கருத்தக்கண்ணா, ஒரே ராத்திரில எப்புட்றா மீச மொளச்சுச்சு?'ன்னாரு. 'பஞ்சு ஒட்டிக்கிருச்சு மொதலாளி'ன்னான் அவன். உங்க தாத்தா சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. பதிவேட்டப் பாரு, அந்தப் பதினோரு நாளும் கருத்தக்கண்ணன் ஆஜர்."

ராம்கியும் சிரித்தான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். இம்மானுவேல் தம்பி காதில் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. "தாத்தா, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதிவேட்ட விட்டுட்டு உங்க வாய யாரு நம்புவா?"

"உங்க தாத்தா நம்புனாருப்பா. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இந்த வாயை நம்பித்தானே அந்தப் பதிவேட்டையே எழுதுனாரு."

டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

குழு டிசம்பர் பதினெட்டாம் தேதி மதுரைக்கு வருகிறது. ராக்கம்மா, இன்னொரு தரம் யோசனை செய்.

சின்னான்

•

திருப்பூர்
6.11.2024

அண்ணனுக்கு,

இத்தனை நாள் கடிதம் போடவில்லை என்று கோபிக்க வேண்டாம். தீபாவளி வந்தது, போனது. இங்கே எல்லோரும் சுகம். பவதாரிணியும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. எட்டரை மணி சங்கு ஊதுவதற்குள் இதை முடிக்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதச் சொல்கிறேன். யோசனை செய்ய எனக்கு நேரம் இல்லை. வர முடியாது.

ராக்கம்மாள்

•

வாடிப்பட்டி
12.11.2024

ராக்கம்மாளுக்கு,

நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பும்படி இல்லை, அதனால் இந்தக் கடிதத்தில் நானும் என் சுகத்தைச் சொல்லப்போவதில்லை.

உறையைப் பிரித்ததுமே இம்மானுவேல் தம்பி, "அண்ணே, இது புள்ள கையெழுத்து இல்ல. வேற யாரோ எழுதியிருக்காங்க," என்றார். பவதாரிணி சுகம் என்றால் அவள் ஏன் எழுதவில்லை? எட்டரை மணிச் சங்கு கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு ஊதுவது. வீட்டில் இருக்கிற கிழவிக்குச் சங்கோடு என்ன வேலை?

நான் வருஷக்கணக்காக ஆஜர் எடுத்தவன். யார் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்குப் பதிவேடு வேண்டாம். அறுபத்து மூன்று வயசில் நீ யார் பேரில் நிற்கிறாய்?

சின்னான்

•

திருப்பூர்
21.11.2024

அண்ணனுக்கு ராக்கம்மாள் எழுதச் சொன்னது. எழுதுவது பக்கத்து வீட்டுச் சரண்யாதேவி. நல்ல பிள்ளை, வெளியே சொல்லாது.

ஆமாம் அண்ணே. பவதாரிணிக்கு மஞ்சள் காமாலை. ஐப்பசி பிறந்த மறுநாள் படுத்தவள். கண்ணெல்லாம் மஞ்சள் அரைத்துப் பூசினது போல் இருந்தது. இப்போது தேறி வருகிறாள், ஆனால் மார்கழி முடிகிறவரை வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் சூப்பர்வைசர் அருள்பாண்டி, "ஆள் நிறுத்துனா எடம் நிக்கும். இல்லேன்னா எனக்கு வேற ஆள் வேணும்," என்றான். அவனும் சம்பளத்துக்கு இருப்பவன்தான். அதனால் நான் போகிறேன். பனியனில் பிசிறு வெட்டுகிற வேலை. வலது கையில் கத்தரி நிற்கவில்லை என்று இடது கைக்குப் பழகிக்கொண்டேன். அங்கே எல்லோரும் என்னைப் பவதாரிணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் திரும்பிப் பார்க்கத் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுதச் சொல்கிறேன். மாநாட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நான் மயக்கத்தில் கிடக்கிறேன் என்று நினைத்தீர்கள். எனக்கு மயக்கம் இல்லை. கண்ணைத்தான் மூடியிருந்தேன். டாக்டர் கேட்டதும் கேட்டது, நீங்கள் சொன்ன பதிலும் கேட்டது. இத்தனை வருஷத்தில் கடிதத்துக்குக் கடிதம் "கை குடைகிறதா" என்று கேட்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

கருத்தக்கண்ணன் மீசைக் கதையைச் சொல்லத்தான் மேடை ஏறுகிறீர்கள் என்றால் நீங்கள் மட்டும் ஏறுங்கள். அந்தப் பதிலை எல்லோருக்கும் முன்னால் சொல்லுவீர்கள் என்றால் நான் வருகிறேன். அன்றைக்கு நான் கம்பெனிக்குப் போகாவிட்டால் பவதாரிணி இடம் போய்விடும். இடம் போனாலும் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராக்கம்மாள்

•

வாடிப்பட்டி
9.12.2024

ராக்கம்மா,

உன் கடிதத்தை இம்மானுவேல் தம்பி ஒரு தரம்தான் வாசித்தார். இரண்டாம் தரம் வாசிக்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பதினைந்து நாளாக அது எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. மெஷின் சத்தம்கூட அமுங்கிவிட்டது.

மதுரையில் பஸ்ஸை விட்டு இறங்கி நில். இம்மானுவேல் தம்பி வந்து கூட்டிவருவார்.

சொல்கிறேன். வா.

சின்னான்

•

வாடிப்பட்டி
20.12.2024

மருமகள் பவதாரிணிக்கு மாமா எழுதச் சொன்னது.

உன் கண்ணில் மஞ்சள் இறங்கிவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். மனசு குளிர்ந்தது. கீழாநெல்லியை விடாதே, டாக்டர் மாத்திரையையும் விடாதே. உன் அம்மா முந்தாநாள் ராத்திரியே பஸ் ஏறிவிட்டாள். மதுரையில் நடந்ததை அவள் உன்னிடம் இரண்டு வரியில் முடித்துவிடுவாள். அதனால் நான் சொல்கிறேன். நீ ஆவணியில் கேட்ட கேள்விக்கு மார்கழியில் பதில்.

கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் குழுவினர் நாலு பேர். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி, ஒரு அம்மா. முன்வரிசையில் முதலாளிமார், பின்னால் நம் போன்ற சனம். ராம்கி பட்டுத் துணியில் சுற்றிப் பதிவேடுகளைக் கொண்டுவந்திருந்தான். சாமி புத்தகம் மாதிரி மேசையில் வைத்தான். நாற்பது வருஷத்தில் ஒரு நோய் நாள் இல்லை என்று அதையே திருப்பிச் சொன்னான். கைதட்டினார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். படிப்பு எதுவரை என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சுவர் வரைக்கும் என்றேன். மேஸ்திரியாக இருந்தேன், இந்தப் பதிவேடு என் வாயில் இருந்து வந்தது, இதில் உள்ள ஆஜரில் பாதி பொய் என்றேன். ராம்கியோடு வந்த ஆடிட்டர் எழுந்து, "வயசானவரு, ஞாபகப் பிசகு இருக்கும்," என்றார்.

நீதிபதி அம்மா பதிவேட்டை நடுவில் பிரித்தார். "ஐயா, மாநாடு நடந்த வருசம், புரட்டாசி மாசம். ஒம்பது பேரையும் வரிசையாச் சொல்லுங்க," என்றார். இம்மானுவேல் தம்பி என் காதில் கத்தினார். நான் சொன்னேன். பதிவேட்டில் உள்ள வரிசை பிசகவில்லை. படுத்தவர் ஒவ்வொருவருக்கும் என்ன நோய், அந்த இடத்தில் நின்றது யார் என்றும் சொன்னேன். மருது கால் வீங்கிப் படுத்தான், அவன் மகள் நின்றாள். கருத்தக்கண்ணன் இடத்தில் அவன் மச்சினன். ஏழாவது பேர் சோலை, என் வீட்டுக்காரி. அவளுக்கு விஷக்காய்ச்சல். நின்றது என் தங்கச்சி.

"இதுக்கு என்னங்க சாட்சி? வாய்க்கு வந்ததெல்லாம் சாட்சியா?" என்றார் ஆடிட்டர்.

"சாட்சி உங்க புத்தகத்துலதான் சாமி இருக்கு. சம்பளம் வாங்குறப்ப ரேகை வச்சுருப்பாக. சோலை ரேகையப் பாருங்க. புரட்டாசில ரெண்டு சனிக்கிழமைக்கு மட்டும் ரேகைக்குக் குறுக்க வெள்ளையா ஒரு கோடு போகும். அது சோலை பெருவிரல் இல்ல. கரும்பு வெட்டப் போன எடத்துல அருவா பட்ட விரல். அந்த விரல் இந்தா உக்காந்திருக்கு."

மண்டபத்தில் சத்தமே இல்லை என்று பிறகு இம்மானுவேல் தம்பி சொன்னார். எனக்கு எப்போதும் ஒரே சத்தம்தான். உன் அம்மா மேடை ஏறினாள். மை தடவி ஒரு வெள்ளைக் காகிதத்தில் விரலை வைத்தாள். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பதிவேட்டுக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்துக் குனிந்து பார்த்தார். அதே கோடு. ராம்கியையே கூப்பிட்டுக் காட்டினார். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். ஆடிட்டர் என்னமோ சொல்ல வந்தார், அவன் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டான்.

மூன்றாவது சனிக்கிழமை சோலைக்கு நேராக ரேகை இல்லை. ஏன் என்று நீதிபதி அம்மா கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். திருப்பூரில் இருந்து அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

நான் சொன்னேன். அந்தப் புதன்கிழமை மத்தியானம் மெஷினில் பஞ்சு சிக்கியது. எடுத்துவிடச் சொன்னவன் நான். பழகாத பிள்ளை, கையை விட்டாள். இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எப்படி வெட்டுப்பட்டது என்று டாக்டர் கேட்டார். பட்டறை என்று சொன்னால் யாரு என்று கேட்பார்கள், ராக்கம்மாள் என்ற பேரில் அங்கே ஆளே இல்லை. சோலை இடம் போகும், என் மேஸ்திரி வேலையும் போகும். "வீட்டுல மாட்டுக்குத் தட்டை நறுக்குறப்ப" என்று சொன்னேன். மருமகளே, எங்கள் வீட்டில் மாடே கிடையாது.

"சட்டத்த ஏமாத்துனது மொதலாளி மட்டும் இல்லீங்கம்மா. நானும்தான். எந்தங்கச்சி கையக் குடுத்து எம் பொழப்பக் காப்பாத்திக்கிட்டேன்," என்றேன். அவ்வளவுதான். நாற்பத்து மூன்று வருஷம் சுமந்தது, இறக்கி வைக்க மூச்சு விடும் நேரம்தான் ஆனது.

நீதிபதி அம்மா உன் அம்மாவிடம் இப்போது என்ன வேலை என்று கேட்டார். "திருப்பூருல பனியன் கம்பெனில எம் மக பேருல நிக்கிறேன்," என்றாள் உன் அம்மா.

"அப்ப அண்ணி பேருல. இப்ப மக பேருல. உங்க பேருல எத்தன நாள் வேலை பாத்திருக்கீங்க?"

"ஒரு நாளும் இல்லம்மா. எம் பேருக்கு எப்பவுமே லீவுதான்."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. உன் அம்மாவே சிரித்தாள். அப்புறம் மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. பின்வரிசையில் ஒரு ஆள் எழுந்து, "நானும் மாத்தாள்தாம்மா, அப்பளக் கம்பெனில," என்றார். அப்புறம் ஒரு பெண். அப்புறம் இன்னொருத்தர். சாயங்காலம் வரை எழுதினார்கள். எழுதினவருக்குக் கை வலித்தது. பதிவேட்டைப் பட்டுத் துணியோடு நீதிபதி அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் உன் அம்மா, "பசிக்குதுண்ணே," என்றாள். மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டோம். அவள் நாலு தின்றாள்.

உன் இடம் என்ன ஆனதோ என்று மட்டும் எனக்கு உறுத்தல். எழுது.

உன் தாய்மாமன்
சின்னான்

•

திருப்பூர்
17.1.2025

மாமாவுக்கு பவதாரிணி வணக்கம். பொங்கல் எப்படிப் போனது? நான் எழுந்து நடமாடுகிறேன், சோறு இறங்குகிறது. இது என் கையெழுத்துதான் என்று இம்மானுவேல் மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

பதினெட்டாம் தேதி அம்மா வராததால் இடம் போய்விட்டது. பத்தொன்பதாம் தேதி காலையில் அருள்பாண்டி அண்ணன் வாசலில் நின்று, "வேற ஆள் போட்டாச்சு பாட்டி," என்று சொல்லியிருக்கிறார். அம்மா திரும்பி வந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் அம்மா படம் வந்தது. விரலைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி. கம்பெனியில் அதைக் கைமாற்றிப் பார்த்திருக்கிறார்கள். "இது பவதாரிணில்ல?" என்று ஒருத்தி. "ஆமா, நம்ம கெழட்டுப் பவதாரிணி," என்று இன்னொருத்தி. சிரித்து முடித்துவிட்டு, ஏழு பேரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்கள். "அவளுக்குக் காமால வந்தா எடம் போகும். நாளைக்கு எங்களுக்குக் காய்ச்ச வந்தா?" என்று கேட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த பெண்ணும் அவர்களோடு உட்கார்ந்துவிட்டாளாம். மத்தியானம் லாரி வந்து சரக்குக்காக நின்றது. மூன்று மணிக்கு முதலாளி இறங்கி வந்தார்.

தை முதல் வாரம் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார். புதிய பெண்ணையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. இப்போது நாங்கள் ஒன்பது பேர்.

மாமா, உங்கள் கடிதத்தை நானே வாசித்தேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தது. மாடு இல்லை என்ற இடத்தில் நான் அம்மாவைப் பார்த்தேன். "வாசி, வாசி," என்று சொன்னது. எனக்கு உங்கள் மேல் இரண்டு நாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

பவதாரிணி

•

திருப்பூர்
24.6.2025

அண்ணனுக்கு ராக்கம்மாள் ஆசையோடு எழுதச் சொன்னது.

உத்தரவு வந்ததை உங்களுக்கு இம்மானுவேல் வாசித்துக் காட்டியிருப்பார். கம்பெனியிலும் ஒட்டிவிட்டார்கள். எத்தனை பேர் வேலை பார்த்தாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள், சம்பளத்தோடு. மாத்தாள் நிறுத்தச் சொன்னால் முதலாளி மேல் வழக்கு.

போன செவ்வாய்க்கிழமை பவதாரிணிக்குக் காய்ச்சல். ஒன்றும் பயப்பட வேண்டாம், சாதாரணக் காய்ச்சல். அருள்பாண்டிக்கு போன் செய்து சொன்னாள். அவன் "சரிக்கா, படுங்க. நோய் விடுப்புன்னு எழுதிர்றேன்," என்றான். எட்டரைக்குச் சங்கு ஊதியது. நான் பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "எங்கம்மா போற?" என்றாள் இவள். எங்கேயும் இல்லை என்று மறுபடி படுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் பத்து மணி வரை தூங்கினோம். வெயில் மூஞ்சியில் அடித்தது. பிறகு ரசம் வைத்தேன்.

கை குடையவில்லை. இனிமேல் அதைக் கேட்க வேண்டாம். வேறு ஏதாவது கேளுங்கள்.

ராக்கம்மாள்

•

வாடிப்பட்டி
15.7.2025

தங்கச்சி ராக்கம்மாளுக்கு,

சரி, வேறு கேட்கிறேன். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் விட்டாயா, வெறும் புளித் தண்ணீரா? நான் இங்கே சுகத்துக்கு மேல் சுகம்.

பத்து மணி வரை தூங்கினோம் என்று நீ எழுதியதை இம்மானுவேல் தம்பியை மூன்று தரம் கத்தச் சொன்னேன். மூன்றாம் தரம் தெருவே கூடிவிட்டது. யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

நேற்று ராம்கி வந்தான். புதிய பதிவேடு போட்டிருக்கிறானாம், நோய் விடுப்புக்குத் தனியாக ஒரு பத்தி விட்டு. "ஆனி மாசத்துல ரெண்டு பேரு எழுதிட்டாங்க தாத்தா," என்று ஏதோ வெள்ளாமை விளைந்தது போலச் சொன்னான். அவன் தாத்தாவுக்கு வராத புத்தி இவனுக்கு வந்தது. அது போதும்.

குழுவில் இருந்தும் ஒரு காகிதம் வந்திருக்கிறது. பழைய பதிவேட்டைப் பத்திரப்படுத்தப் போகிறார்கள். அதன் கடைசியில் ஒரு பக்கம் சேர்த்து, அந்த வருஷம் அந்தப் பட்டறையில் உண்மையாக வேலை பார்த்த மாத்தாட்கள் பேரை எழுதி வைக்க வேண்டுமாம். பேர் தெரிந்தவன் நான் ஒருவன்தான், சொல்லியனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறாரா, இல்லையா என்றும் பேருக்கு நேராகக் குறிக்க வேண்டும். காலையில் இருந்து இரண்டு பேரும் அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறோம். நான் பேர் சொல்வேன், இம்மானுவேல் தம்பி எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். "இல்லை" என்பேன். அதையும் எழுதுவார்.

மருதுவின் மகள், இல்லை. கருத்தக்கண்ணன் மச்சினன், அந்த மீசைக்காரன், போன வருஷம் வரை இருந்தான், இப்போது இல்லை. அண்ணனுக்காக நின்ற தம்பி ஒருவன், மாமியாருக்காக நின்ற மருமகள் ஒருத்தி, ஒரே வாரத்தில் இரண்டு பேருக்காக நின்ற ஒரு விதவை. எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. ஒருத்தரும் ஆஜர் இல்லை. பதினைந்து பேருக்கு எழுதி முடித்துவிட்டு, பதினாறாவது யார் என்று இம்மானுவேல் தம்பி கேட்டார். தெரிந்துகொண்டேதான் கேட்டார். பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு எழுத்து தெரியாது, ஆனாலும் அந்த ஒரு பேரைப் பெரிதாக எழுதச் சொன்னேன். எழுதினதும் அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தேன், மை ஈரமாக இருந்தது.

ராக்கம்மாள். இருக்கிறார்.